மாப்பிள்ளை அறையில் ஒரு விமானம்

கிண்ணியாவில் சனூஸாவிடம் பொருள் திருத்தக் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் தங்கள் மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் போவார்கள். பொருள் திருந்துமா இல்லையா என்பது அப்புறம். ஏச்சு விழுவது நிச்சயம்.

வள்ளத்து ஜி.பி.எஸ். கருவிக்குள் கடல் தண்ணீர் போய்விட்டதென்று, அதை அரிசி வாளிக்குள் மூன்று நாள் புதைத்து வைத்துவிட்டு ஒருவர் கொண்டுவருவார். "இதென்ன, சோறாக்கவா வெச்சீங்க?" என்று தொடங்குவாள். "உப்புத் தண்ணி போனா உடனே நல்ல தண்ணியில கழுவணும். அரிசி உப்பை எடுக்குமா? தவிட்டைத்தான் உள்ளுக்குத் தள்ளும். மூணு நாளும் உப்பு இருந்து செம்ப அரிச்சிரிக்கு. கொண்டுபோய் அதே வாளியில போடுங்க!" இன்னொருவர், ஈரம் புகாமல் இருக்கட்டும் என்று கண்ணாடி ஜன்னலுக்குப் பூசுகிற சிலிக்கன் பசையைச் சேர்க்கிட் பலகை முழுக்க அப்பிக்கொண்டு வந்து நிற்பார். அந்தப் பசை காயும்போது வினாகிரி மணம் அடிக்கும். அந்தப் புளிப்பே செம்பைத் தின்று பச்சையாக்கிவிடும். சனூஸா அதை மணந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மேசையில் வைப்பாள். ஆட்களுக்கு அந்த மௌனத்தில்தான் கூடப் பயம். அதற்குப் பிறகு வருவது பக்கத்து ஒழுங்கைக்கும் கேட்கும்.

ஏசிவிட்டுத் திருத்தியும் கொடுத்துவிடுவாள். அதனால்தான் போகிறார்கள்.

அவளுக்கு முப்பத்தேழு வயது. கல்யாணத்துக்கு முன்னர் கட்டுநாயக்கா பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வேலை செய்தவள். சேர்க்கிட் பலகைகளுக்கு ஈரம் புகாத பூச்சு அடிக்கிற பகுதி. பூச்சு தோல் போல மெல்லிதாக விழ வேண்டும். பிளக்கின் ஊசிகளில் ஒரு துளி பட்டாலும் மின்சாரம் ஓடாது, பலகை குப்பைக்குத்தான் போகும். ஒன்பது வருடமும் அவள் கையால் குப்பைக்குப் போனவை ஏழு பலகைகள். அந்த ஏழையும் இன்றைக்கும் சொல்லிக்காட்டித் தன்னைத் தானே ஏசுவாள். கோபம் அங்கே பழகியதா, பிறவியிலேயே வந்ததா என்று கேட்டால் அவள் கணவன் அகீல் சிரித்துவிட்டு ஓட்டோவை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

அகீலுக்கு ஓட்டோவோடு புளியடிக் கண்டம் என்கிற வயல்வெளியில் ஒன்றரை ஏக்கர் வயலும் இருந்தது. விமானக் கதை அந்த வயலில்தான் தொடங்கியது.

தை மாதம் பெரும்போக நெல் பால் பிடிக்கிற நேரம், புளியடிக் கண்டத்தில் விடிவதும் குருவி இறங்குவதும் ஒன்றாகத்தான் நடக்கும். ஒன்றல்ல, இரண்டல்ல, கண்டத்தையே மூடிவிடுகிற கூட்டம். கதிரை நசித்துப் பாலைக் குடித்துவிட்டு வெறும் உமியை விட்டுப் போகும். தகரம் தட்டிப் பார்த்தார்கள். பட்டாசு போட்டார்கள். பழைய சீடித்தட்டுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். குருவி ஒரு வயலில் எழும்பி அடுத்த வயலில் இறங்கியதே தவிர ஊரை விட்டுப் போகவில்லை. இரண்டு போகம் அகீல் அறுத்ததில் பாதி உமி. இரண்டாவது தடவை சனூஸா வயலில் நின்று குருவிகளைப் பார்த்து ஏசினாள். வரம்பில் போனவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் அவள் விமானம் செய்தாள்.

றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைத் தட்டை வெட்டிப் பருந்து வடிவில் ஒன்று. சிறகு விரித்தால் ஒரு ஆள் கை விரித்த அளவு இருக்காது, ஆனால் ஆகாயத்தில் அசல் பருந்துதான். கபில நிற பெயின்ட். மூக்கில் ஒரு மோட்டர், வயிற்றுக்குள் பற்றரியும் றிசீவரும், வாலை அசைக்க இரண்டு குட்டி மோட்டர்கள், கையில் றிமோட். முதல் நாள் பின்னேரம் ஏற்றிப் பார்த்தபோது குருவிக்கூட்டம் அலறிக்கொண்டு எழும்பிப் போனது. பொழுது படும் வரைக்கும் திரும்பி வரவில்லை. மறுநாள் காலை பொலிஸ் வந்தது.

சீனன்குடா விமானத்தளம் அந்தப் பக்கம் இருக்கிற ஊரில், ஆகாயத்தில் எது ஏறினாலும் கேள்வி வரும். கேட்பது நியாயம் என்பதைச் சனூஸாவும் ஒப்புக்கொண்டாள். ஆனால் பதில் சொல்லப் பன்னிரண்டு மாதம் பிடிக்கும் என்று அவள் நினைக்கவில்லை. ஒரு கந்தோரில் கடிதம் கேட்டால் இன்னொரு கந்தோரைக் காட்டினார்கள். தனியாள் பேரில் தர ஏலாது, ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பின் பேரில்தான் தரலாம் என்றார்கள். அமைப்பின் தலைவர் முனாப் ஹாஜியாரிடம் போய் நின்றாள். கடைசியில் ஒரு கடிதம் வந்தது. ஒரே ஒரு காலை, ஒரு உத்தியோகத்தர் முன்னிலையில் பறத்திக் காட்ட வேண்டும். சரியாகப் பறந்தால் போகம் முழுக்க அனுமதி. இல்லாவிட்டால் கோப்பு மூடப்படும். முதல் நாள் பின்னேரமே கருவியை அமைப்பின் தலைவரிடம் பாரம் கொடுக்க வேண்டும் என்றும் அதில் ஒரு வரி இருந்தது.

அந்த வரியைப் படித்ததும் சனூஸாவுக்கு எரிச்சல் வந்தது.

துறைமுகத்தைச் சுற்றிய ஊர்களில் தை மாதத்து ஈரம் எப்படிப்பட்டது என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மழை விட்ட பிறகும் சுவர் வியர்க்கும். அலுமாரிக்குள் சட்டை பூஞ்சணம் பிடிக்கும். காற்றில் உப்பு வேறு. சனூஸா விமானத்தின் பலகைகளுக்கு இரண்டு தரம் பூச்சு அடித்திருந்தாள். வயர்களைத் தண்ணீர் வழிந்து கீழே சொட்டும்படி வளைத்துக் கட்டியிருந்தாள். பிளக்குகளுக்கு மட்டும் பூச்சு அடிக்க ஏலாதே, அதற்காக விமானத்தை இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் பெட்டிக்குள் படுக்க வைத்து, ஈரம் குடிக்கிற நீல மணிகளைத் துணிப்பையில் கட்டி உள்ளே போட்டாள். மணி ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். அதற்கென்றே ஒதுக்கிய சட்டியில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அன்றைக்கு அவற்றைப் புதிதாக வறுத்துப் போட்டிருந்தாள். மூடியில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினாள்: திறக்கக் கூடாது. ஏசி அறையில் வைக்கக் கூடாது.

"ஹாஜியார், இத வெளி விறாந்தையில வெச்சாலும் பரவாயில்ல, குளிர்ல மட்டும் வெச்சிராதீங்க" என்றாள்.

"புள்ள, நான் ரெண்டு தரம் ஹஜ்ஜுக்குப் பிளேன்ல போனவன். எனக்கா சொல்லித் தாறா?" என்று முனாப் ஹாஜியார் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

அன்று இரவு சாப்பிடும்போது அகீல் ஒரு வேண்டுகோள் வைத்தான். "நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் வாயக் கட்டிக்க புள்ள. பெரிய ஆக்கள் வருவாங்க. ஒன்ட கோபத்தால காரியம் கெட்டுப் போகப்படா." பன்னிரண்டு மாதத்தை நினைத்து அவளும் சரி என்றாள்.

காலை ஆறரை மணிக்குப் புளியடிக் கண்டத்தில் நாற்பது பேர் நின்றார்கள். ஆனந்தராசா என்கிற உத்தியோகத்தர் திருகோணமலை நகரத்திலிருந்து கந்தோர் வாகனத்தில் வந்து இறங்கினார். ஐம்பது வயது, கண்ணாடி, கையில் படிவம். இறங்கியதும் முதல் வேலையாகக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். பிறகு எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். முனாப் ஹாஜியார் கடைசியாகத்தான் வந்தார். வாகனத்திலிருந்து இறங்கும்போது பெட்டி கையில் இல்லை. விமானத்தை அப்படியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"பெட்டி எங்க ஹாஜியார்?" என்றாள் சனூஸா.

"பெட்டியோட கொண்டுவந்தா சேர் என்ன நெனப்பாரு? றொட்டிக்கடையில சாமான் கட்டின மாதிரி. நானே எறியிறன். நீ அங்க நின்டு றிமோட்டப் புடி. படம் எடுக்க ஆள் வந்திரிக்கு."

அந்த இடத்தில் வழமையான சனூஸா என்றால் என்ன செய்திருப்பாள் என்று கிண்ணியாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விமானத்தைப் பறித்து, மூடியைத் திறந்து, ஒவ்வொரு பிளக்காகப் பார்த்திருப்பாள். ஹாஜியாரின் ஹஜ்ஜையும் ஒரு பிடி பிடித்திருப்பாள். ஆனால் முப்பது அடி தள்ளி அகீல் நின்று கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தூரத்தில் போய் நின்றாள். வாலை இடமும் வலமும் அசைத்துப் பார்த்தாள். அசைந்தது. ஹாஜியார் பிஸ்மில்லாஹ் சொல்லி எறிந்தார்.

விமானம் அழகாகத்தான் ஏறியது. குருவிக்கூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பியது. நாற்பது பேரும் "ஆ" என்றார்கள். அந்த "ஆ" முடிவதற்குள் வால் தானாக ஒரு வெட்டு வெட்டியது. சனூஸா றிமோட்டை இழுத்தாள். கேட்கவில்லை. மறுபடி ஒரு வெட்டு. பருந்து தலைகீழாக வந்து வரம்பில் மூக்கைக் குத்தி இரண்டாக மடிந்தது. குருவிகள் ஆகாயத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, எல்லார் கண் முன்னாலும் நெல்லில் இறங்கின.

"பொம்புள கட்டின வயர்தானே" என்று முனாப் ஹாஜியார் ஆனந்தராசாவிடம் சொன்னது அவள் காதில் தெளிவாக விழுந்தது.

ஆனந்தராசா படிவத்தைப் பார்த்தார். "தங்கச்சி, குறை நினைக்க வேண்டாம். நான் கண்டதைத்தானே எழுத வேணும். பின்னேரம் அறிக்கையைக் குடுத்திட்டுத்தான் நான் ரவுனுக்குப் போக வேணும்." பகல் சாப்பாடு ஹாஜியார் வீட்டில் என்று ஏற்கெனவே ஏற்பாடு.

சனூஸா உடைந்த துண்டுகளைச் சாக்கில் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஓட்டோவில் அகீல் ஏதோ ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தான். "நீங்க கதைக்காதீங்க!" என்றாள். "வாயக் கட்டிக்க வாயக் கட்டிக்க எண்டு சொல்லிச் சொல்லி என்னய இந்த நெலைக்குக் கொண்டுவந்துட்டீங்க. கோபப்பட்டிருந்தா காரியம் கெட்டுப் போகுமாம்! இப்ப என்ன வாழுது?" அவன் மேல் இருந்த கோபத்தைவிட அவளுக்குத் தன் மேல்தான் கோபம் கூட. உலகத்தில் இருக்கிற எல்லாரையும் ஏசியவள், ஏச வேண்டிய ஒரே ஒரு நாளில் மரியாதை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

பகல் வரைக்கும் சாக்கை அவிழ்க்கவே மனம் வரவில்லை. பிறகு துண்டுகளை மேசையில் வைத்து வயிற்று மூடியைத் திறந்தாள். உள்ளே தண்ணீர்.

பனியால் நனைந்திருந்தால் தண்ணீர் வெளியே இருக்கும். இது மூடிய வயிற்றுக்குள், பற்றரியின் அடியில், றிசீவரின் முதுகில், ஒவ்வொரு பிளக்கின் வாயிலும் பொடிப் பொடித் துளிகளாக நின்றது. வால் மோட்டரின் பிளக்கை உருவினாள். ஊசிகளுக்கு இடையில் ஒரு துளி பாலம் போட்டிருந்தது. அதனால்தான் வால் தானாக வெட்டியிருக்கிறது. றெஜிபோம் குளிரை விடாமல் பிடித்து வைத்திருக்கும். இரவு முழுக்கக் குளிரில் கிடந்த சாமானை விடியற்காலை ஈரக் காற்றில் கொண்டுவந்தால் உள்ளுக்கும் புறம்புக்கும் வியர்க்கத்தான் செய்யும். தொழிற்சாலையில் இதைப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்வார்கள். மூடியில் அவள் எழுதி ஒட்டியதும் அதுதானே!

"ஏசியில வெச்சிரிக்காரு மனுசன்" என்று எழும்பினாள். "ஓட்டோவ எடுங்க."

அகீல் இந்தத் தடவை வாயைக் கட்டச் சொல்லவில்லை.

முனாப் ஹாஜியார் வீட்டு மண்டபத்தில் சாப்பாடு முடிந்து ஆனந்தராசா கதிரையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தார். அமைப்பின் ஆட்கள் ஆறேழு பேர் சுற்றி இருந்தார்கள். ஹாஜியாரின் மனைவி ஆமினா உம்மா குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்றார். சனூஸா ஸலாம் சொல்லிவிட்டு, யாரும் இரு என்று சொல்லாமலேயே உடைந்த விமானத்தை உத்தியோகத்தரின் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சேர், எழுத முந்தி இதப் பாருங்க. உள்ளுக்குத் தண்ணி. காலம வாகனத்தால எறங்கினதும் கண்ணாடியத் தொடச்சீங்கதானே? ஏன் தொடச்சீங்க?"

ஆனந்தராசா யோசித்தார். "பனிப்புகார் மாதிரிப் பிடிச்சிட்டுது. வாகனத்துக்குள்ள ஏசி போட்டு வந்தனான்."

"ஒங்கட கண்ணாடிக்கு ஒரு மணித்தியாலக் குளிர். இதுக்கு ஒரு ராவு முழுக்கக் குளிர். கண்ணாடியத் தொடச்சிட்டீங்க. இதுக்க உள்ள பிளக்க ஆர் தொடைக்கிற?"

ஆனந்தராசா பேனையை வைத்துவிட்டு விமானத்தின் வயிற்றுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் நனைந்தது. "ஹாஜியார், இதை எங்கை வைச்சிருந்தனீங்கள்?"

"இந்த மண்டபத்திலதான். இந்தா, இந்த மேசையில" என்றார் முனாப் ஹாஜியார்.

"இந்த மண்டபத்தில ஏசி இல்ல" என்றாள் சனூஸா. "மேசையில இருந்தா இப்பிடி வேர்க்காது. எங்க வெச்சீங்க ஹாஜியார்?"

"சொன்னன்தானே புள்ள."

"உண்மையச் சொல்லுங்க. எங்க வெச்சீங்க?"

ஹாஜியார் எழும்பினார். முகம் சிவந்திருந்தது. "இந்த வீட்டில ஒரு அறையிலதான் ஏசி இரிக்கு. மகள்ட அறை. மருமகன் படுக்கிற அறை. புதுமாப்பிள்ள படுக்கிற அறையில ஒன்ட விமானத்தக் கொண்டுபோய் வைப்பானா மனுசன்? கட்டிலுக்கு நடுவிலயா வெச்ச?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனந்தராசாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கிண்ணியாவில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து, மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பதுதான் வழக்கம். வீட்டில் நல்ல அறை மாப்பிள்ளை அறை. அதற்குள் மாமனாரே செருமாமல் நுழைய மாட்டார். ஹாஜியாரின் மகள் ஷிஃபானாவுக்குக் கல்யாணம் முடிந்து ஏழு மாதம். ராத்திரி அந்தப் பக்கத்து ஒழுங்கையால் போகிறவர்கள் ஏசிக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவதைத் தினமும் காண்கிறார்கள். ஹாஜியார் சொல்வதில் பிழை பிடிக்க இடமே இல்லை. தண்ணீர் பொய் சொல்லாது. ஆனால் இந்தச் சிரிப்புக்கு முன்னால் அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"அப்ப இது எப்பிடி வேர்த்த?" என்று மூன்றாம் தடவையும் கத்தினாள். "எங்க வெச்சீங்க எண்டு யாராவது சொல்லுங்களன்! பன்னெண்டு மாசம் சேர், பன்னெண்டு மாசம்! நாப்பது குடும்பத்துட நெல்லு!"

மாப்பிள்ளை அறையின் திரை விலகியது. ஷிஃபானா வெளியே வந்து நின்றாள். இருபத்துநான்கு வயது. ஆண்கள் இருக்கிற மண்டபத்துக்குள் அவள் அப்படி வந்து யாரும் கண்டதில்லை.

"என்ட கட்டில்லதான் இருந்திச்சி ராத்தா" என்றாள். "வாப்பாதான் கொண்டுவந்து வெச்ச. பெட்டியத் தொறந்து, காத்துப் படட்டும் எண்டு. நான் உம்மாவோட படுத்தன்."

"உள்ளுக்குப் போ!" என்றார் ஹாஜியார்.

"போக மாட்டன். மாப்பிள்ள போய் நாலு மாசம் சேர். அவங்கட வீட்டுக்கே போயிட்டாரு. வர மாட்டன் எண்டு சொல்லியும் அனுப்பிட்டாரு. ஊருக்குத் தெரியப்படா எண்டு வாப்பா ஒவ்வொரு ராவும் ஆளில்லாத அறைக்கு ஏசி போடுறாரு. வெளியால தண்ணி சொட்டினாத்தான் உள்ளுக்கு ஆள் இரிக்கு எண்டு சனம் நெனைக்குமாம். வாசல்ல அவருட செருப்பக்கூட எடுக்க விடல்ல. நாலு மாசமா நான் ஒரு செருப்போட குடும்பம் நடத்துறன்."

சிரித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஹாஜியார் மகளை நோக்கிக் கையை ஓங்கிக்கொண்டு ஒரு எட்டு வைத்தார்.

"கைய எறக்குங்க ஹாஜியார்!" சனூஸாவின் குரல் அந்த மண்டபத்தின் ஓட்டைத் தொட்டது. "பொய் சொன்னது நீங்க. அடி அவவுக்கா? என்னய ஏசினது காணாதா? இன்னும் ஒரு பொம்புள வேணுமா ஒங்களுக்கு?"

கை இறங்கியது. ஹாஜியார் அருகில் இருந்த கதிரையில் போய் இருந்துவிட்டார். ஷிஃபானா வாசலுக்கு நடந்து போனாள். அங்கே கிடந்த ஆண் செருப்பு இரண்டையும் எடுத்தாள். தூசி படிந்திருந்தது. மதிலுக்கு மேலால் ஒழுங்கைக்குள் எறிந்துவிட்டு, யாரையும் பார்க்காமல் உம்மாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஆனந்தராசா எழுதியிருந்த தாளைக் கிழித்தார். பிறகு மெல்லிய குரலில், "கருவியிலை பிழை இல்லை. வைச்ச இடத்திலைதான் பிழை. வியாழக்கிழமை காலமை இன்னொருக்கா வாறன் தங்கச்சி. பாரம் உங்களிட்டையே இருக்கட்டும், அதை நான் எழுதித் தாறன்" என்றார்.

வென்றுவிட்டாள். ஓட்டோவில் ஏறும்போது அகீலும் அதைத்தான் சொன்னான். சனூஸாவுக்கு நெஞ்சு கொதித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் கோபத்தை யார் மேல் போடுவது என்று விளங்கவில்லை. ஹாஜியார் மேல் போட்டால் அந்த மனுசன் கதிரையில் குந்திய விதம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஓடிப்போன மாப்பிள்ளையை அவளுக்குப் பேர்கூடச் சரியாகத் தெரியாது. எங்க வெச்சீங்க, எங்க வெச்சீங்க என்று மூன்று தரம் கத்தியது யார்? அந்தப் பிள்ளையை அறைக்குள்ளிருந்து இழுத்து வெளியே விட்டது யார்? என் பேரைக் கழுவிய அழுக்குத் தண்ணீரை அவள் பேரில் ஊற்றிவிட்டேனே என்று இரண்டு நாளும் மனம் அரித்தது. மடிந்த சிறகை ஒட்டும்போதும், பிளக்குகளைத் துடைத்துக் காயவைக்கும்போதும், நீல மணிகளைச் சட்டியில் போட்டு வறுக்கும்போதும் தன்னையே ஏசிக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு அந்த இரண்டு நாளும் வேறு கதை இல்லை. விமானத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பெட்டிக்கடையில், பாலத்தடியில், பள்ளிவாசல் கேற்றடியில் எல்லாம் மாப்பிள்ளை ஏன் போனான் என்பதுதான். போன் திருத்தக் கொண்டுவந்த மைமூனா என்கிற பெண் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அவவிலயும் ஏதும் பிழை இருக்கத்தானே வேணும்" என்று தொடங்கினாள். சனூஸா அந்தப் போனை அப்படியே திருப்பிக் கையில் கொடுத்தாள். "இது திருந்தாது. நீங்களும் திருந்த மாட்டீங்க. எழும்புங்க."

வியாழக்கிழமை காலை புளியடிக் கண்டத்தில் மறுபடி நாற்பது பேர் நின்றார்கள். கூடவும் இருக்கும். பனி அப்போதும் நெல்லில் வெள்ளையாகக் கிடந்தது. சனூஸா பெட்டியை வரம்பில் வைத்து, விடிந்த காற்றோடு பழகட்டும் என்று கொஞ்ச நேரம் மூடியபடியே விட்டாள். பிறகு திறந்து மணிகளைப் பார்த்தாள். நீலம். ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிப் பார்த்து மறுபடி செருகினாள். ஆனந்தராசா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். எறிய அகீல் வந்தான்.

அந்த நேரத்தில்தான் கூட்டத்தில் ஒரு அசைவு உண்டானது. வயல் வழியால் ஆமினா உம்மா வந்துகொண்டிருந்தார். கூட ஷிஃபானா. பின்னால் சற்றுத் தள்ளி முனாப் ஹாஜியார், வர மனமில்லாமலும் வராமல் இருக்க ஏலாமலும் வருகிற நடை. தாயும் மகளும் வந்து வரம்பின் ஓரத்தில் நின்றார்கள். யாரும் அவர்களுக்கு ஸலாம் சொல்லவில்லை. விலகி இடம் விட்டார்கள். அது மரியாதைக்கு விட்ட இடம் இல்லை.

"எறியுங்க" என்றாள் சனூஸா.

பருந்து ஏறியது. இந்தத் தடவை வால் அவள் விரல் சொன்னபடி கேட்டது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். கண்டத்தின் கிழக்கு மூலையில் சாய்ந்து திரும்பியபோது குருவிக்கூட்டம் மொத்தமாக எழும்பியது. ஆகாயம் கறுத்தது. கூட்டம் அலை அலையாகக் காட்டுப்பக்கம் போனது. ஒரு வயலிலும் இறங்கவில்லை. பன்னிரண்டு மாதம் அவள் கண்ணுக்குள் வைத்திருந்த காட்சி. யாராவது "ஆ" என்று சொல்வார்கள் என்று காத்திருந்தாள். சத்தமே இல்லை.

ஒரு கணம் கண்ணைக் கீழே இறக்கினாள். வரம்பில் நின்ற நாற்பது பேரில் ஒருவர்கூட ஆகாயத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் ஷிஃபானாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிலர் வாய்க்குக் கை வைத்துக் குசுகுசுத்தார்கள். அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். அகீல்கூட அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு நாளாக இடம் தெரியாமல் அலைந்த கோபத்துக்கு இடம் கிடைத்துவிட்டது.

"அங்க என்ன பாக்கிறீங்க?" சனூஸாவின் குரல் கண்டம் முழுக்கப் போனது. விரல்கள் றிமோட்டில் இருந்தன. "பாக்க வந்தது பருந்தையா, அந்தப் புள்ளையையா? வெக்கமில்ல? ரெண்டு போகமா குருவிக்குத் திங்கக் குடுத்துட்டு அழுதீங்க. இண்டைக்கு ஒங்கட நெல்லு தப்புதெண்டா அந்தப் புள்ள வாயத் தொறந்து உண்மையச் சொன்னதாலதான் தப்புது! நான் கட்டின வயரால இல்ல! மேல பாருங்க! எல்லாரும் மேல பாருங்க! அகீல், ஒங்களுக்கும்தான் சொல்றன்!"

பத்து வருடக் குடும்பத்தில் அவள் கணவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அகீல் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அவனைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர்கள் நிமிர்ந்தார்கள். தொப்பிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் சாய்ந்தன. ஆனந்தராசா படிவத்திலிருந்து தலையைத் தூக்கினார். ஷிஃபானாவும் மெல்ல முகத்தை உயர்த்திப் பருந்தைத் தேடினாள்.

முனாப் ஹாஜியார் மட்டும் மேலே பார்க்கவில்லை. நான்கு மாதமாக ஊரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்த மனுசன், அங்கே நின்று தன் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சனூஸா அதைக் கண்டாள். அவரை மட்டும் அவள் ஏசவில்லை.